வீட்டிலேயே பட்டர் முந்திரி, பாதாம், கடலை: மூன்று தடவை கெடுத்தவள் சொல்லும் வழி

போன வருடம் மகளின் பிறந்தநாளுக்கு 25 பேரைக் கூப்பிட்டிருந்தோம். கேக்கும் சமோசாவும் வெளியிலிருந்து வந்துவிடும், நடுவில் கொறிக்க ஏதாவது வேண்டுமே, பட்டர் முந்திரியை நானே வறுத்துவிடுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். முந்திரி, வெண்ணெய், உப்பு, அவ்வளவுதானே, இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்ற நினைப்பு. ஒத்திகை பார்க்க முதல் தடவை வெண்ணெயைச் சட்டியில் உருக்கி அதிலேயே முந்திரியைக் கொட்டி வறுத்தேன், வெளியே கறுப்புப் புள்ளி, உள்ளே பச்சை. இரண்டாம் தடவை நிறம் பொன்னாக வந்தது, அந்த சந்தோஷத்தில் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடிவிட்டேன், காலையில் திறந்தால் எல்லாம் நமுத்துப்போயிருந்தது. மூன்றாம் தடவை மொறுமொறுப்பு கிடைத்தது, ஆனால் போட்ட உப்பு மொத்தமும் தட்டின் அடியில் கிடந்தது, முந்திரி சப்பென்று இருந்தது. ஒரு தடவைக்குக் கால் கிலோ, ஆக முக்கால் கிலோ முந்திரி. கரிந்ததைத் தவிர மற்றதை வீட்டிலேயே தின்று தீர்த்தோம் என்றாலும் மனசு ஆறவில்லை.

நான்காவது தடவை சரியாக வந்தது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு தடவை செய்துவிட்டேன். நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்றே ஒன்று: வெண்ணெய் வறுப்பதற்கு இல்லை, வறுத்து முடித்தபின் பூசுவதற்கு. கீழே இருக்கும் படிகளில் பாதி இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

1. எத்தனை பேர், எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுங்கள்

வேறு தின்பண்டங்களும் இருக்கும் விருந்தென்றால் ஆளுக்கு 25 முதல் 30 கிராம் போதும். குறைவாகத் தோன்றும், ஆனால் வெண்ணெயும் உப்பும் சேர்ந்தது சீக்கிரம் திகட்டிவிடும். இது மட்டும்தான் கொறிக்க என்றால் ஆளுக்கு 50 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். 25 பேருக்கு நான் 750 கிராம் செய்தேன்: முந்திரி 300, தோலோடு பாதாம் 200, நிலக்கடலை 250. முழுக்க முந்திரியாகப் போடலாம், ஆனால் காசும் எகிறும், வாய்க்கும் ஒரே மாதிரி இருக்கும். கடலையை மட்டமாக நினைக்க வேண்டாம், அன்றைக்குக் கிண்ணத்தில் முதலில் காலியானது அதுதான்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியபோது முந்திரி கிலோ 900 ரூபாய், பாதாம் 850, தோல் போகாத பச்சை நிலக்கடலை 160. அதன்படி முந்திரிக்கு 270, பாதாமுக்கு 170, கடலைக்கு 40, 100 கிராம் வெண்ணெய் 60, மிளகு கறிவேப்பிலை வகையில் ஒரு 10, ஆக 550 ரூபாய். ஓ.டி.ஜி. அடுப்பு, அதாவது கேக் சுடும் சின்ன மின் அடுப்பு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினால் ஒன்றரை யூனிட் கரண்ட் போகும், அது பெரிய விஷயமில்லை. இதே அளவைக் கடையில் வறுத்ததாக வாங்கியிருந்தால் எங்கள் பகுதி விலைக்கு 750 ரூபாய் சுமாராக ஆகியிருக்கும். மிச்சம் 200 ரூபாய்தான், அதற்காக ஒரு மாலை முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டுமா என்று கேட்டால், காசுக்காக என்றால் வேண்டாம். நேற்று வறுத்த முந்திரியின் வாசம் கடைப் பாக்கெட்டில் கிடைக்காது, அதற்காக என்றால் செய்யுங்கள்.

2. வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

முந்திரிக்கு எண் தரம் உண்டு. 180, 210, 240, 320 என்று கடைக்காரர் சொல்வது ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், அதிகபட்சம் எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு. எண் கூடக்கூடப் பருப்பு சின்னது, விலையும் இறங்கும். விருந்துக்குப் பெரிய பருப்பு வாங்க வேண்டும் என்று நினைத்து 180 தேடி அலைந்தேன், அது தேவையே இல்லை. 30 கிராமில் 180 தரம் 12 பருப்புதான் வரும், 320 என்றால் 21 வரும். கிண்ணம் நிறைவாகத் தெரியும், வெண்ணெயும் உப்பும் அதிகப் பரப்பில் ஒட்டும், விலையும் குறைவு. முழுசில் 320க்கு மேல் போக வேண்டாம்.

பாதி முந்திரி இன்னும் மலிவு. சுவையில் குறையே இல்லை, ஆனால் சீக்கிரம் கரியும், வறுக்கும் நேரத்தில் மூன்று நான்கு நிமிடம் குறைத்துக்கொள்ள வேண்டும். செய்யக்கூடாதது ஒன்று: முழுசையும் பாதியையும் கலந்து வறுப்பது. முழுசு வேகும் முன்பே பாதி கறுத்துவிடும். பாக்கெட்டின் அடியில் இருக்கும் நொறுங்கலைச் சலித்து எடுத்துப் பாயசத்துக்கு வைத்துவிடுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் போனால் மொத்தக் கடைகள் நிறைய இருக்கின்றன, கடைக்குக் கடை விலை மாறும், பத்தடி நடந்து கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு கிலோவுக்குக் கீழே வாங்க அங்கே போவது ஆட்டோ காசுக்குக் கட்டாது. கடலூர் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் பண்ருட்டியில் வாங்கிவரச் சொல்லுங்கள். பருப்பாகத்தான் வாங்கிவர வேண்டும், ஓட்டோடு இருக்கும் கொட்டையை யாராவது அன்பாகக் கொடுத்தாலும் சமையலறையில் வறுக்காதீர்கள். அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் வெந்து தோல் உரியும், அதன் புகையும் உடம்புக்கு ஆகாது. கடையில் 'பச்சை முந்திரி' என்று விற்பதுகூட ஓடு நீக்குவதற்காக ஒருமுறை சூடு கண்ட பருப்புதான்.

பாக்கெட்டாக வாங்கினால் விலையைப் பார்க்கும் முன் பேக் செய்த தேதியைப் பாருங்கள். 'இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று மட்டும் அச்சிட்டு, எந்தத் தேதியிலிருந்து என்பதை மடிப்புக்குள் மங்கலாகக் குத்தியிருப்பார்கள், அதைத் தேடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் நிம்மதி. பின்பக்கம் உள்ளடக்கத்தில் எண்ணெயோ உப்போ எழுதியிருந்தால் அது ஏற்கெனவே வறுத்தது, அதை மறுபடி வறுத்தால் கசக்கும். உதிரியாக வாங்கினால் ஒன்றை வாயில் போட்டு மென்று பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. காறல் இருந்தால் தொண்டையில் தெரிந்துவிடும். வறுத்தால் அந்த வாடை போய்விடும் என்று சொல்வார்கள், போகாது, இன்னும் தூக்கலாகத் தெரியும்.

நிலக்கடலைக்கு மட்டும் கூடுதல் கவனம். தட்டில் பரப்பி, சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் கண்டது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். அதில் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது.

3. எப்போது எதைச் செய்வது

சனிக்கிழமை மாலை விருந்து என்று வைத்துக்கொள்வோம். புதன் அல்லது வியாழன் வாங்கிவிடுங்கள். வெள்ளி இரவு வறுங்கள். அன்றைக்கே காலையில் வறுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும், ஆனால் அன்றைக்குக் காலையில் நீங்கள் வேறு ஐம்பது வேலையில் இருப்பீர்கள், கவனம் இரண்டு நிமிடம் பிசகினால் போச்சு. ஒரு இரவு டப்பாவில் இருந்தால் வெண்ணெயும் உப்பும் கொஞ்சம் உள்ளே பிடிக்கும், ருசி கூடத்தான் செய்யும். நான்கு நாளுக்கு முன்பே வறுத்து வைக்க வேண்டாம்.

மூன்று வகையையும் ஓ.டி.ஜி.யில் ஒன்றன்பின் ஒன்றாக வறுக்க, சூடேற்றுவதில் தொடங்கி எல்லாம் ஆறி முடிவது வரை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வேலை முக்கால் மணி நேரம்தான், மீதி காத்திருப்பது. இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் தொடங்கினால் தூங்கப்போகும்போது முடியும்.

4. வெண்ணெயைத் தெளிய வைப்பது

பாக்கெட் வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம், தண்ணீர் 16 சதவீதம் அளவில், மீதி பாலின் திடப்பொருளும் உப்பும். என் முதல் இரண்டு தோல்விகளிலும் இந்த மீதிக்குப் பங்கு உண்டு. பாலின் திடப்பொருள் முந்திரி வேகுமுன் கருகிக் கறுப்புப் புள்ளியாக ஒட்டியது. தண்ணீர் ஆவியாகி வெளியேறாமல் இருந்தால் பருப்பில் இறங்கி நமுக்க வைக்கும். ஆகவே இரண்டையும் முதலில் கழற்றிவிட வேண்டும்.

நெய் உருக்கத் தெரிந்தால் இது பாதி வேலை. 100 கிராம் வெண்ணெயைச் சின்னச் சட்டியில் போட்டு, அடுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து உருக்குங்கள். முதலில் வெள்ளையாக நுரைக்கும், படபடவென்று சத்தம் கேட்கும், அது தண்ணீர் போகும் சத்தம். காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் அந்தப் படபடப்பு மெல்ல அடங்கி ஒரு சின்ன முணுமுணுப்பாகும், நுரை மெலிந்து அடியில் வெள்ளைத் துகள் தெரியும். அந்த நிமிடம் அடுப்பை அணைத்துவிடுங்கள். அடியில் இருப்பது சிவக்கும்வரை விட்டால் அது நெய்.

'அப்படியானால் நேராக நெய்யே ஊற்றிவிடலாமே' என்றுதான் என் மாமியாரும் கேட்டார். ஊற்றலாம், கெட்டுப்போகாது. ஆனால் பாயசத்திலும் பொங்கலிலும் மிதக்கும் முந்திரியின் வாசம் வருமே, அதுதான் வரும். தின்பவர்கள் சர்க்கரைப் பொங்கல் எங்கே என்று தேடுவார்கள். பட்டர் வாசம் வேண்டுமென்றால் சிவக்கும் முன் நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை.

ஐந்து நிமிடம் அப்படியே வைத்துத் தெளிந்ததை மட்டும் மேலோடு வடித்துக்கொள்ளுங்கள். 80 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், நமக்குத் தேவை 30 கிராம்தான், மீதியைத் தோசைக்கு ஊற்றலாம். உப்புப் போட்ட வெண்ணெய், உப்பில்லாதது எதுவானாலும் சரி. போட்ட உப்பு எல்லாம் அடியில் துகளோடு தங்கிவிடும், கொழுப்பில் கரையாது, ஆகவே அதை நம்பி மேலுப்பைக் குறைக்காதீர்கள். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் அதிகம் இருக்கும், படபடப்பு அடங்க இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

5. பாதாமுக்கும் கடலைக்கும் ஒரு உப்புக் குளியல்

முந்திரிக்கு இது வேண்டாம், அது சீக்கிரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தோலோடு இருக்கும் பாதாமின் வழவழப்பில் உப்பு ஒட்டவே ஒட்டாது, கடலையிலும் வெளியே மட்டும்தான் கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும். இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, 200, 250 கிராம் பருப்பின் மேல் தெளித்துக் கையால் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். ஊறப்போட வேண்டாம், தெளித்துப் பிசறினால் போதும். வறுக்கும்போது தண்ணீர் போய் வெளியே லேசாக வெள்ளைப் பூத்தாற்போல் இருக்கும், அது சரியான அடையாளம்.

6. வெறுமனே வறுப்பது

எண்ணெய் இல்லை, வெண்ணெய் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக. இதைத் திரும்பச் சொல்கிறேன், தனித்தனியாக. மூன்றையும் சேர்த்துத் தட்டில் கொட்டினால் முந்திரி கரியும்போது கடலை பச்சையாகவே இருக்கும்.

ஓ.டி.ஜி. இருந்தால் மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய 150 டிகிரியில் பத்து நிமிடம் காலியாகச் சூடேற்றுங்கள். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி நடுத்தட்டில் வையுங்கள். 320 முந்திரிக்கு 12 முதல் 14 நிமிடம். பாதாமுக்கு 16 முதல் 18. தோலோடு கடலைக்குச் சூட்டை 160க்கு ஏற்றி 18 முதல் 22. வால்நட் சேர்ப்பதாக இருந்தால் 150இல் 8, 9 நிமிடம் போதும், தோல் நீக்கிய பிஸ்தாவுக்கு 7. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை வெளியே எடுத்துக் கிளறி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வையுங்கள். எங்கள் வீட்டு அடுப்பில் பின் வலது மூலை மட்டும் தனி ஆவேசத்தில் இருக்கும், உங்கள் அடுப்புக்கும் அப்படி ஒரு மூலை இருக்கும், முதல் தட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த நிமிடக் கணக்கை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் நம்புவது வேறு சோதனை. நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஒன்றை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டு இரண்டு நிமிடம் ஆறவிட்டு, கத்தியால் இரண்டாகப் பிளந்து உள்ளே பாருங்கள். முந்திரியின் உள்ளே தந்த நிறத்தில், ஓரம் லேசாகப் பொன்னாக இருந்தால் எடுத்துவிடலாம். பாதாமின் தோல் எப்படியும் பழுப்புதான், வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது, உள்ளே வெளிர் பழுப்பாகப் பால் டீ நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். சூட்டோடு மென்று பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கும், 'இன்னும் வறுபடவில்லை' என்று மறுபடி உள்ளே தள்ளுவது எல்லோரும் விழும் குழி. மொறுமொறுப்பு ஆறும்போதுதான் வரும். அதோடு, வெளியே எடுத்தபிறகும் தன் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் சிவக்கும். கண்ணுக்கு 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும்போதே எடுத்துவிட வேண்டும்.

அடுப்பில்தான் வறுக்க வேண்டுமென்றால் அடிகனமான இரும்புச் சட்டி எடுங்கள், ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள், தீ முழுக்கக் குறைவாக. முந்திரிக்கு 12 முதல் 15 நிமிடம் கை நிற்காமல் கிளற வேண்டும். போன் மணி அடித்தால் எடுக்காதீர்கள். இந்த முறையில் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் சிவக்கும், ருசிக்குக் குறையில்லை. கடலைக்கு மட்டும் ஒரு உபாயம் உண்டு: கடற்கரையில் மணலில் போட்டு வறுப்பார்களே, அதுபோல அரைக் கிலோ கல்லுப்பைச் சட்டியில் நன்றாகச் சூடாக்கி அதில் கடலையைப் போட்டுப் புரட்டுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடும், சலித்து எடுத்துவிட்டு அந்த உப்பை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்வதாக இருந்தால் உப்பு நீரில் பிசற வேண்டாம், ஈரம் பட்டால் கல்லுப்பு வெடிக்கும்.

ஏர் ஃப்ரையரில் 150 டிகிரியில் முந்திரிக்கு 7 முதல் 9 நிமிடம் ஆகும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்க வேண்டும். கடலையை அதில் போடாதீர்கள், கழன்ற தோல் காற்றில் பறந்து மேலே சூடான கம்பியில் ஒட்டிப் புகையும். மைக்ரோவேவில் நான் செய்வதை விட்டுவிட்டேன். வெளியே வெள்ளையாகவே இருக்கும், பிளந்து பார்த்தால் நடுவில் கறுத்திருக்கும்.

கடலை வறுபட்டதும் கைச்சூடு பொறுக்கும்போதே பழைய துணியில் மூட்டைகட்டித் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கிவிடுங்கள். பால்கனியில் புடைப்பது நல்லது. கீழ்வீட்டில் துணி காயவில்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டு. தோலோடு வெண்ணெய் பூசினால் தோல் கழன்று கிண்ணத்தில் குப்பையாக நிற்கும்.

7. வெண்ணெய், உப்பு, வாசம்

இங்கே வேகம் வேண்டும், ஆகவே எல்லாவற்றையும் முன்பே எடுத்து வையுங்கள். பொடியுப்பைக்கூட அப்படியே போடாதீர்கள். காய்ந்த மிக்ஸி ஜாரில் அரை நிமிடம் ஓட்டி, மாவு மாதிரி ஆனபிறகு போடுங்கள். என் மூன்றாம் தடவைக் கஷ்டத்துக்குக் காரணம் இதுதான். உப்புக்கு வெண்ணெயில் கரையத் தெரியாது, மாவாக இருந்தால்தான் அந்த மெல்லிய பூச்சில் ஒட்டிக்கொள்ளும்.

கால் கிலோ பருப்புக்குத் தெளிந்த வெண்ணெய் இரண்டு டீஸ்பூன், உப்பு மாவு முக்கால் டீஸ்பூன். உப்பு நீரில் பிசறியதற்குக் கால் டீஸ்பூன் போதும். பருப்பு அடுப்பிலிருந்து வந்த சூட்டில் ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டி, வெண்ணெயைச் சுற்றிலும் ஊற்றி, பாத்திரத்தைத் தூக்கித் தூக்கிக் குலுக்குங்கள். எல்லாப் பருப்பும் பளபளவென்று ஆனதும் உப்பை மூன்று தடவையாகத் தூவி ஒவ்வொரு தடவையும் குலுக்குங்கள். கடலை, துணியில் தேய்த்ததில் ஆறிப்போயிருக்கும், அதை மூன்று நிமிடம் மறுபடி அடுப்பில் காட்டிவிட்டுப் பூசுங்கள். வெண்ணெய் இரண்டு டீஸ்பூன் குறைவாகத் தெரிகிறதே என்று கூட ஊற்றினால், விருந்து முடியும்போது உங்கள் சோபா சொல்லும்.

வெண்ணெய் பூசியதைத் தட்டில் பரப்பி, அணைத்த ஓ.டி.ஜி.யில் மிச்சச் சூட்டிலேயே ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். கட்டாயமில்லை, நேரம் இருந்தால் செய்யுங்கள்.

வாசம் சேர்க்க எனக்குப் பிடித்தது மிளகும் கறிவேப்பிலையும். கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் ஒற்றி, தெளிந்த வெண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து அதில் மொறுமொறுவென்று பொரித்துத் தனியாக எடுத்து, ஆறியபின் கையால் நொறுக்கிப் போடுங்கள். பச்சை இலையைக் கலந்தால் அதன் ஈரம் போதும் முழுவதையும் நமுக்க வைக்க. பூண்டு பிடிக்குமென்றால் வெண்ணெய் உருகும்போது நசுக்கிய இரண்டு பல்லைப் போட்டு, சிவக்கும் முன் எடுத்தெறிந்துவிடுங்கள். மிளகாய்த்தூள் பெரியவர்கள் தட்டுக்குத் தனியாக. தேன், சர்க்கரை பூசுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, கடலோர ஊர்களில் அது ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும், நான் அந்தப் பக்கமே போவதில்லை.

8. ஆறவிடுவது

பெரிய தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி மின்விசிறிக்குக் கீழே 40 நிமிடம். மேலே கை வைத்துப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள், குவியலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். துளி வெதுவெதுப்பு இருந்தாலும் மூடக்கூடாது, அந்த ஆவி மூடியில் தண்ணீராகத் தொங்கி, இரவெல்லாம் சொட்டும். அதுதான் எனக்கு நடந்தது, காலையில் மூடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், 40 நிமிடத்துக்கு மேல் வெளியில் விடவும் வேண்டாம், காற்றின் ஈரத்தை இழுக்கும்.

9. டப்பா

காய்ந்த கண்ணாடி பாட்டில் அல்லது இறுக மூடும் எவர்சில்வர் டப்பா. கழுவிய டப்பாவை வெயிலிலோ மிதமான அடுப்புச் சூட்டிலோ காட்டி ஈரம் போக்குங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் வெண்ணெய் வாசம் டப்பாவுக்குப் போகும், டப்பாவின் பழைய ஊறுகாய் வாசம் முந்திரிக்கு வரும். வெளியில் ஒரு வாரம் நன்றாக இருக்கும், பத்தாம் நாள் லேசாகச் சிக்கு வாடை தொடங்கும். ஃபிரிட்ஜில் மூன்று வாரம் தாங்கும், ஆனால் எடுத்தவுடன் திறக்காதீர்கள், மூடியோடே அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறந்தால் ஈரம் கோக்காது.

நமுத்துப்போனால் பதற வேண்டாம். 120 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்து, மறுபடி முழுதாக ஆறவிடுங்கள், திரும்பி வந்துவிடும். ஒரு தடவைதான் இந்த வைத்தியம் பலிக்கும். கரிந்தால் மருந்தில்லை, கறுத்ததைப் பொறுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள், கசப்பு எல்லாவற்றிலும் ஏறியிருக்கும்.

10. விருந்தன்று

கூப்பிடும்போதே யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது எனக்கு, ஆனால் மகளின் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கடலை ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவருக்காவது ஒவ்வாமை இருந்தால் கலந்து வைக்காதீர்கள், கடலை பட்ட கரண்டியை மற்றதில் போடாதீர்கள். ஒவ்வாமை கடுமையாக இருக்கும் குழந்தை வருகிறது என்றால் அன்றைக்கு இந்தப் பலகாரத்தையே விட்டுவிடலாம், பொரி வறுத்து வைத்தால் போயிற்று. நாங்கள் அன்றைக்கு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசி, கடலையைப் பெரியவர்கள் இருந்த அறையோடு நிறுத்திக்கொண்டோம்.

ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தரக்கூடாது, தொண்டையில் சிக்கும். அவர்கள் கைக்கு எட்டும் தாழ்வான மேசையில் கிண்ணம் வைக்காதீர்கள்.

மொத்தத்தையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி வைக்காமல், கையளவுக் கிண்ணம் இரண்டு மூன்றில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள், டப்பா மூடியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டியும் காகித நாப்கினும். கரண்டி வைக்காமல் விட்டால் சமோசா தின்ற கையோடு எல்லோரும் கிண்ணத்தில் கையைவிடுவார்கள், எண்ணெயும் ஈரமும் சேர்ந்து அரை மணி நேரத்தில் அடிக்கிண்ணம் சொதசொதத்துவிடும்.

வெண்ணெய் உருக்கிய சட்டியின் அடியில் தங்கிய உப்புத் துகளைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். ஒரு துண்டு ரொட்டியை அதிலேயே போட்டு இரண்டு பக்கமும் திருப்பி எடுங்கள். வெள்ளி இரவு பதினோரு மணிக்கு, முந்திரி மின்விசிறிக்குக் கீழே ஆறிக்கொண்டிருக்கும்போது, அது சமைத்தவருக்கு.